தன் பேரைச் சொன்ன பேய்

காது கேட்காத மனிதருக்கு அரை நாள் பம்பை அடித்தவன் நான். நீங்களாகக் கேள்விப்பட்டுச் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுவது மேல். வில்லியனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் குடும்பத் தலைவர் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை, மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்று என்னை அழைத்தார்கள். நானும் அம்மன் வர்ணிப்புப் பாடினேன், அதட்டினேன், கெஞ்சினேன். இது லேசுப்பட்ட பேய் இல்லை, அழுத்தமான பேய், அதுதான் வாயைத் திறக்கவில்லை என்று கூட்டத்துக்கு விளக்கமும் சொன்னேன். பொழுது சாய்கிற நேரத்தில் அவர் என் குச்சியை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாபா, மேளமா? கொஞ்சம் பலமா அடி, ஒண்ணும் கேக்கல" என்றார். காய்ச்சலில் காது போயிருந்திருக்கிறது. வீட்டாருக்கும் தெரியவில்லை, அம்மனை வரவழைக்கத் தெரிந்த எனக்கும் தெரியவில்லை.

பம்பை தூக்க வந்திருக்கும் பிள்ளைகளே, இந்த லட்சணத்தில் இருக்கிறவனிடம்தான் பேயைப் பேச வைக்கிற வித்தையை எழுதிக்கொடு என்று கேட்கிறீர்கள். தோலைக் காய்ச்சுவதும் கயிறு இழுப்பதும் உங்களுக்கே தெரியும். நான் எழுதுவது பேச வைக்கிற வேலையைப் பற்றி மட்டும். அதிலும் ஒரு பெண்ணை நான் பேச வைத்ததைப் பற்றி. படித்துவிட்டு வித்தை வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்கு அந்த வித்தையில் நல்ல பேர் இருந்தது. நான் கேட்டால் பேசாத பேய் இல்லை என்பார்கள். ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு ஊருக்குப் போனால் நேராகக் கூப்பிட்ட வீட்டுக்குப் போகமாட்டேன். வெற்றிலைக் கடையில் கொஞ்சம், கள்ளுக்கடையில் கொஞ்சம், கிணற்றடியில் கொஞ்சம் என்று பேச்சுக் கொடுப்பேன். அந்தக் குடும்பத்தில் யார் தூக்கு மாட்டிக்கொண்டது, யார் தண்ணீரில் போனது, யாருக்கும் யாருக்கும் ஆகாது, எல்லாம் என் மடிக்கு வந்துவிடும். பிறகு பம்பை ஏறும்போது அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கேள்வியாகப் போடுவேன். பேய் பிடித்தவர் திடுக்கிட்டு நிமிர்வார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நடுநடுவே நான் சொல்கிற கிண்டலுக்குச் சிரிக்கவும் செய்யும். பேய் ஓட்டுகிற இடத்தில் இப்படிச் சிரிக்க வைக்கிற ஆள் இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று என் முதுகை நானே தட்டிக்கொண்ட காலம் அது.

பாகூர் ஏரித் தண்ணீரில் விளைகிற ஊர்களில் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. ஊர்ப் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடிக்க வருவார்கள், என் கால் இப்போது ஓடுகிற நிலையில் இல்லை. அந்த ஊர் அம்மன் கோயில் பூசாரி மெதுவாகப் பேசுகிறவர். கத்துகிற பூசாரிகளை எனக்குப் பழக்கம், அவர்களை ஒரு வாய்க் கள்ளில் சமாளித்துவிடலாம். இவர் குரலை உயர்த்தவே மாட்டார். எதைச் சொன்னாலும், "நா சொல்லலப்பா, அம்மா சொல்றா" என்று முடிப்பார். எப்போது நாற்று நடுவது, யார் வீட்டில் பெண் எடுப்பது, யாரோடு பேசுவது, யாரோடு பேசாமலிருப்பது எல்லாம் அம்மா சொல்வாள். மனிதன் சொன்னால் மறுத்துப் பேசலாம். அம்மனை யார் மறுப்பது? அந்த ஊர்க்காரர்கள் முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொருவரும் பக்தியால்தான் தலை குனிந்தார்கள். அவர் அந்தக் குனிந்த தலைகள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தது இவர், கனம் மட்டும் அம்மனுடையது என்று அவர்களுக்குத் தோன்றியது.

கூப்பிட்ட வீட்டின் மருமகள் பேர் தனக்கோடி. உறுவையாறு என்கிற ஊர் அவளுடைய தாய் வீடு. அவளுக்குக் குழந்தை செத்துப் பிறந்திருந்தது. சாவு வீட்டுத் தீட்டோடு கோயில் குளத்தைத் தாண்டினாள், அதனால் பிள்ளை போயிற்று என்றாள் அம்மன், அதாவது பூசாரி. அதற்குப் பரிகாரம், வெள்ளிக்கிழமை தோறும் குளத்தில் முழுகி ஈரப் புடவையோடு சன்னதியில் விழுந்து, எல்லோர் காதிலும் விழும்படி, என் பாவத்தால் என் பிள்ளையை நானே தின்றேன் என்று சொல்ல வேண்டும். சொன்னாள். மாமியார் பின்னால் நின்று, இன்னும் உரக்கச் சொல்லு என்பாளாம். பல வெள்ளிக்கிழமைகள் சொன்னாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "நா வரல" என்றாள்.

அவ்வளவுதான் அவளுக்குப் பிடித்த பேய். இதைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது வேறு. வெற்றிலைக் கடைக்காரி ஒரு செய்தி சொல்லியிருந்தாள்: தனக்கோடிக்குச் செல்லம்மாள் என்று ஓர் அக்காள், கல்யாணம் ஆகுமுன்பே உறுவையாற்றில் தண்ணீர் இறைக்கப் போன இடத்தில் கிணற்றில் தவறி விழுந்து இறந்தவள். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். கிணற்றில் போன கன்னிப் பெண்! பம்பைக்காரனுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. மடியில் முடிந்துகொண்டேன்.

காலை வெயிலில் ஏரிக்கரையில் உட்கார வைத்தார்கள். ஊரே வந்திருந்தது. என்னோடு உடுக்கை அடித்தவர் என்னைவிட மூத்தவர். அதிகம் பேசமாட்டார். பேரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை. நான் பம்பையை ஏற்றிப் பாடி, நீ யார் என்று கேட்டேன்.

"தனக்கோடி."

கோடி தனம் இருக்கிறதாம், எனக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். கூட்டம் சிரித்தது. மறுபடி ஏற்றி அடித்துக் கேட்டேன். தனக்கோடி என்றாள். எந்த ஊர்? உறுவையாறு. யார் மகள்? தகப்பன் பேரைச் சரியாகச் சொன்னாள். வெயில் ஏற ஏற அடித்தோம். அவள் தலை துவண்டது, உதடு வெடித்தது, தண்ணீர் கேட்டாள், பேய்க்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்றார் பூசாரி. நான் கேட்ட போதெல்லாம் அவள் தன் பேரையே சொன்னாள்.

உடுக்கைக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "அந்தப் பொண்ணு அதும் பேரத்தான் சொல்லுதுடா. நிறுத்து."

நான் அரைக் கணம் கையைத் தாழ்த்தினேன். அதற்குள் பூசாரி பக்கத்தில் வந்துவிட்டார். மெதுவாகத்தான் சொன்னார்: "இன்னா பம்பைக்காரரே, கை ஓயுது? அம்மா பாத்துக்கினு கீறா."

அந்த அரைக் கணத்தைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன், மற்றதெல்லாம் சும்மா. அவள் நிலைமையை நன்றாகப் பாருங்கள். தன் பேரைச் சொன்னால் பேய் ஏமாற்றுகிறது. பேசாமலிருந்தால் பேய் அழுத்தம் பிடிக்கிறது. அழுதால் பேய் மசிகிறது, வலிக்கிறது என்றால் பேய்க்கு வலிக்கிறது. எந்த வாயால் எதைச் சொல்லி அவள் வெளியே வருவாள்? எல்லாக் கதவையும் சாத்திவிட்டு உள்ளே இருப்பவளை வெளியே வா என்று அதட்டுகிற வேலையை நான் தாளம் தப்பாமல் செய்துகொண்டிருந்தேன். கூட்டம் பொறுமை இழந்தது. என் பேரும் போய்விடும் போலிருந்தது. பாதி பேராசை, பாதி பயம். ஏனென்றால் அம்மன் பார்க்கிறாள் என்று அந்த ஆள் சொன்னபோது என் முதுகும் சிலிர்த்தது. பிறர் வீட்டுப் பேயை ஓட்டுகிறவனுக்கு அவ்வளவுதான் தைரியம்.

மடியில் இருந்ததை அவிழ்த்தேன். "செல்லம்மாதான நீ?"

அவள் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தாள். அக்காள் பேரை அந்த ஊரில் அவளிடம் யாரும் சொல்லி நாளாகியிருக்கும். முகம் கோணிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பிடிபட்டது, பிடிபட்டது என்றது கூட்டம். நான் குரலைக் குழைத்துக்கொண்டு, பம்பையைத் தணித்து, மாட்டுக்குப் புல் காட்டுகிறவன் போலச் சொன்னேன்: "செல்லம்மாதான? ஆமான்னு சொல்லு, வூட்டுக்குப் போயிடலாம்."

"ஆமா" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த சடங்குதான். தலையில் கல்லை வைத்து ஓடவிட்டு, புளியமரத்தடியில் கல்லைப் போட வைத்து, உச்சி மயிரில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணியால் அடித்தார்கள். செல்லம்மாளை இனி வராதே என்று தனக்கோடியின் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். ஆணி அடித்தவர் பூசாரி. ஆணிக்குத் தாளம் போட்டவன் நான்.

திரும்பும் வழியில் நான் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். எப்படிப்பட்ட அழுத்தமான பேய், எப்படி மடக்கினேன் பார்த்தீரா என்று. உடுக்கைக்காரர் வரப்பு முடிகிற இடத்தில் நின்றார். "நாம ஓட்டுனது பேயில்லடா, அதும் அக்காவ" என்றார். அதன்பிறகு அவர் என்னோடு உடுக்கை எடுக்கவில்லை. பொறாமை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வருஷம் ஒரு திருவிழாவில் தனக்கோடியின் புருஷன் என்னைத் தேடி வந்தான். நல்ல பையன், தாய்க்கும் பூசாரிக்கும் நடுவில் நசுங்கியவன். அவள் அழும்போதெல்லாம் பேய் திரும்பிவிட்டது என்று பூசாரியைக் கூப்பிடுகிறார்களாம். அவர் வேப்பிலைக் கொத்தால் அடிக்கிறாராம். பச்சைப் பிள்ளை இருக்கிற வீடுகளில் அவளைப் படியேற விடுவதில்லையாம். இப்போது அழுகை வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுகிறாளாம். செத்த பிள்ளைக்கும் அழக்கூடாது, செத்த அக்காவுக்கும் அழக்கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, "நெசமா அது பேய்தானாண்ணே?" என்று கேட்டான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெண்டாட்டி அழுதால் பேய், சிரித்தால் மோகினி, சம்சாரி ஆனவனுக்கு இரண்டில் ஒன்று தப்பாது என்று தமாஷ் பண்ணினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மரியாதைக்கு அவனும் சிரித்துவிட்டுப் போனான். என் தமாஷ்களில் பாதி, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒளிந்துகொள்ளத் தோண்டிய குழிகள் என்று அன்றைக்குத்தான் எனக்கே லேசாகத் தெரிந்தது. தெரிந்தும் பலகாரக் கடைக்குத்தான் போனேன்.

அவளை மீட்டது நானில்லை. அவள் தகப்பனார் ஒரு நாள் வண்டியைக் கட்டிக்கொண்டு வந்தாராம். பூசாரி வழியை மறித்து, அம்மன் உத்தரவில்லாமல் எல்லை தாண்டினால் பெண் தங்கமாட்டாள் என்று அதே மெதுவான குரலில் சொன்னாராம். கிழவர் பாண்டிச்சேரிக்குப் போய்ப் பிரெஞ்சுப் போலீஸ் கொமிசேரிடம் எழுதிவைப்பேன் என்றிருக்கிறார். அம்மனுக்கு எந்த ஊர்க் கொமிசேர் என்று பூசாரி சிரித்தாராம். "எம்பொண்ணுக்கு நான்தான்யா கொமிசேர்" என்று சொல்லி, கிழவர் மகளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஜெர்மன் சண்டைக் காலத்தில். உறுவையாற்றிலிருந்து ஒரு பூவாடைக்காரி அழைப்புக்குக் கூப்பிட்டார்கள். வீட்டில் கல்யாணம் நடக்குமுன், செத்துப்போன பெண்ணைக் குலத் தெய்வமாக வீட்டுக்கு அழைத்து வருகிற சடங்கு. ஓட்டுகிற பம்பைதான் அழைக்கவும் செய்கிறது. பாகூரிலிருந்து போகும்போது பிரெஞ்சுக்காரன் ஊர்களுக்கு நடுவில் இங்கிலீஷ்காரன் சீமை வரும். சுங்கச் சாவடிக்காரன் சாராயம் கடத்துகிறேனோ என்று பம்பையைத் தட்டிப் பார்த்து உள்ளே என்ன என்றான். என் மண்டையில் இருப்பதுதான், ஒன்றுமில்லை என்றேன். சிரித்து விட்டுவிட்டான். அந்தச் சிரிப்போடு வந்து வீட்டுக்குள் நுழைந்தவன், பூ கட்டிக்கொண்டிருந்த தனக்கோடியைப் பார்த்தேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். என் கால் வாசலிலேயே நின்றது. அவள் தாயார்தான் வந்து உட்காரச் சொன்னார். கல்யாணம் தம்பிக்கு. அழைக்க வேண்டியது செல்லம்மாளை. வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று எழுந்தேன். "ஒன்ன கூப்புடச் சொன்னதே அவதான். வெரட்டுனவனே வந்து அழைக்கட்டும்னா" என்றார்.

அந்த அம்மாள் மற்றதையும் சொன்னார். வந்த புதிதில் எங்காவது மேளச் சத்தம் கேட்டால் தனக்கோடி நெல் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாளாம். புளியமர வழியே போகமாட்டாளாம். என் பிள்ளையை நான்தானே தின்றேன் என்று திடீரென்று கேட்பாளாம். வேறொரு சாமியாரிடம் கூட்டிப் போகச் சொன்னவர்களையெல்லாம் தாயார் வாசலோடு அனுப்பிவிட்டார். மகள் வாயை அடைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினால் இவரும் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மூத்த மகள் பேரைச் சொல்லித் தானே உரக்க அழுவாராம். நீ அழு என்று ஒருநாளும் சொன்னதில்லை. வெகுநாள் கழித்து ஒரு மத்தியானம் அவளும் முந்தானையை எடுத்துவிட்டு அழுதாளாம். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் வேப்பிலை எடுத்துக்கொண்டு வரவில்லை. கோயிலுக்கு மட்டும் இன்னும் போவதில்லை. தகப்பனார் வற்புறுத்துவதில்லையாம். "சாமி எங்கியும் ஓடிடாது, அவளுக்குத் தோணும்போது போவட்டும்" என்பாராம்.

நான் அறிந்த மருத்துவம் இதுதான் பிள்ளைகளே. சடங்கு இல்லை, மந்திரம் இல்லை. அவள் சொல்வதை அவள் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிற இரண்டு பேர் வீட்டில் இருந்தார்கள்.

காலையில் அந்தக் கிணற்றடிக்குப் போனோம். கரகத்துக்குப் பூச்சுற்றி, புடவை வைத்துப் படைத்தார்கள். நான் அடித்தேன். வழக்கம் தெரியுமே, பூவாடைக்காரி யார் மேலாவது இறங்கிப் பேச வேண்டும், வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் கரகம் நகரும். இறங்கவில்லை. அடித்துப் பார்த்தேன், இறங்கவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தாய் மாமன் என் தோளில் இடித்தார். "இன்னாபா மசமசன்னு அடிக்கிற? பேர சொல்லி அவ மேல எறக்கு. கல்யாணம் நின்னுடப் போவுது."

அவ மேல என்று அவர் காட்டியது தனக்கோடியை. எனக்குத் தெரியும், இறக்கிவிடலாம். மேளச் சத்தத்துக்கு அவள் ஏற்கெனவே கண்ணை இறுக மூடியிருந்தாள். தாளத்தை ஒரு மடங்கு ஏற்றி, செல்லம்மா பேரை இரண்டு தரம் குழைத்துக் கூப்பிட்டால் சாய்ந்துவிடுவாள். கல்யாணம் நடக்கும், என் பேர் நிற்கும். எத்தனையோ வருஷம் பழகிய கை தானாக அந்தத் தாளத்துக்குப் போகப் பார்த்தது.

குச்சியைக் கீழே வைத்தேன். பம்பைக்கும் எனக்கும் வயதாகிவிட்டது, செல்லம்மா நல்ல மேளம் கேட்டவள் போலிருக்கிறது, இந்த ஓட்டைச் சத்தத்துக்கு வரமாட்டேன் என்கிறாள் என்று கூட்டத்துக்குச் சொன்னேன். திட்டினார்கள். தாய் மாமன் இன்னும் நல்லதாகத் திட்டினார். நான் தனக்கோடியிடம் திரும்பி, "இன்னாமா செய்யணும்?" என்றேன். பதில் தெரியாமல் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அவள் தானே வந்து கரகத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்த்தாள். சாமி வந்த குரலில்லை, அடுப்பங்கரையில் பேசுகிற குரல்.

"யக்கா, ஒன்ன போன்னு நா சொல்லல. சொல்ல வச்சாங்க. வா, வூட்டுக்குப் போலாம்."

சொல்லிவிட்டு அழுதாள், எல்லோருக்கும் முன்னால், முந்தானையை வாயில் அடைக்காமல். தாயாரும் சேர்ந்து அழுதார். பெண் வீட்டார் பக்கத்திலிருந்து யாரோ இது செல்லுமா என்று கேட்டார்கள். "கூப்புட்டா, வந்துட்டா, இன்னா செல்லாது?" என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் முன்னால் நடந்தார். கரகம் நகர்ந்தது. பம்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அடிக்காமல், கடைசி ஆளாகப் போனேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்தால் ஒரு நல்ல காரியமாவது உருப்படியாகச் செய்தவன் ஆகியிருப்பேன். எனக்கு அது போதவில்லை. பந்தி முடிந்து அவள் கொல்லைப்புறம் இலையெடுத்துப் போட வந்தபோது போய் நின்றேன். ஒரு கிண்டல்கூட வாயில் வரவில்லை, அதுவே எனக்கு அதிசயம். அறியாமல் செய்துவிட்டேன் என்றேன். பிறகு, அறிந்துதான் செய்தேன் என்று திருத்திக்கொண்டேன். உன் புருஷன் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை என்றேன். அவள் இலைகளைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் தானாகக் குழைந்தது.

"பொறுத்துக்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, நா நிம்மதியா வூட்டுக்குப் போயிடுவேன்."

"நீங்க சொல்லச் சொன்னத ஒரு தபா சொன்னதே போதும்" என்றாள்.